கம்ப்யூட்டருக்கு ஒரு மாஸ்டர் செக்கப்!

நாற்பதைத் தாண்டியவர்கள் இரண்டு பேர் ஆபீஸ் டீக்கடையில் சந்தித்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். "ஃபாஸ்டிங் எவ்வளவு ஸார்?" "பி.பி. பரவாயில்லையா?" முப்பதில் இருப்பவர்கள் இன்னொரு ரகம். பைக்குக்கு ஆயில் மாற்றும் தேதி மறக்காது. மனைவியின் பிறந்த நாள்தான் மறக்கும்.

ஆனால் வீட்டு மூலையில் ஒரு ஜீவன் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, கம்ப்யூட்டர்... அது வாங்கிய நாளிலிருந்து ஒரு டாக்டர் முகத்தையும் பார்த்ததில்லை. மெதுவாக ஓடினால் தலையில் ஒரு தட்டு. அதற்கும் மசியவில்லையா, ஸ்விட்சை அணைத்து மறுபடி போடுவது. இந்த இரண்டே வைத்தியத்தில் பத்து வருடம் குடித்தனம் நடத்தும் வீடுகளை எனக்குத் தெரியும்.

அடியேன் படித்தது பி.காம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் படிப்பு ரீதியாக ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நான் இருப்பது அனுப்பம்பட்டில். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் மீஞ்சூருக்கு அடுத்த ஸ்டேஷன். (தூங்கிவிட்டால் பொன்னேரி.) நாலு கடைக்குக் கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் பத்திரிகைக்கு எழுதும் ஆசாமி, வீட்டில் எப்போது பார்த்தாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்ற ஒரே தகுதியில் ஊர் எனக்கு 'டாக்டர்' பட்டம் கொடுத்துவிட்டது. கிழக்கே பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள் வரை நமக்கு பேஷன்ட் உண்டு. ஃபீஸ், ஒரு கிளாஸ் டீ. சீசனில் எறா.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன். "ரொம்ப ஸ்லோ ஸார், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா?" என்று வருகிற கேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு வியாதியே கிடையாது. பட்டினி, அழுக்கு, காய்ச்சல், இந்த மூன்றில் ஒன்று. பைசா செலவில்லாமல் நீங்களே பார்த்துவிடலாம். எப்படி என்கிறீர்களா? ஒவ்வொன்றாக வாருங்கள்.

நாடி பிடிப்பது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் ஒன்றாக அமுக்குங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்கிற பக்கம்தான் நாடி. சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று கோடுகள் ஏறி இறங்கும்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று போதும். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. நல்ல மீன் கிடைக்கும் இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் அதே பாடுதான். நூறு ப்ரோக்ராம்கள் காத்திருக்கும். சி.பி.யூ. ஒவ்வொன்றுக்கும் வினாடியில் ஒரு துளி நேரம் முறை கொடுத்துச் சுற்றி வரும். ஏதாவது ஒன்று முறை தவறி இடத்தை வளைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் கரையில் நிற்கும். நீங்கள், "ஹேங் ஆயிடுச்சு" என்பீர்கள்.

அந்த வளைத்த ஆசாமி யார் என்பதை 'ப்ராசஸஸ்' பக்கம் காட்டிக் கொடுக்கும். சி.பி.யூ. என்ற தலைப்பை ஒரு முறை க்ளிக் செய்தால் அதிகம் தின்பவர் மேலே வந்து நிற்பார்.

மெமரி 85, 90 சதவீதத்திலேயே நிற்கிறதா? அது பட்டினி. 4 ஜி.பி. ராம் வைத்துக்கொண்டு ப்ரவுசரில் இருபத்தைந்து டேப் திறந்தால் பாவம், அது என்ன செய்யும்? டேபை மூடுங்கள், அல்லது ராம் கூட்டுங்கள். டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டு அது. தேவையான இடம் சுற்றி வரும்வரை முள் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் இந்தக் காத்திருப்பு. அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் சுற்றலும் கிடையாது, முள்ளும் கிடையாது. பழைய மெஷினுக்கு இதைவிடப் பெரிய டானிக் நான் பார்த்ததில்லை.

கையோடு 'ஸ்டார்ட்அப்' பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே கூட விழிக்கும் ப்ரோக்ராம்களின் பட்டியல். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் ஒன்பது பேர் வருவார்களே, அந்த மாதிரி. தெரிந்த, தேவையில்லாத பெயர்களை 'டிஸேபிள்' செய்யுங்கள். ஆன்டி வைரஸை மட்டும் தொடாதீர்கள்.

காய்ச்சலும் கரன்ட்டும்

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. சென்னையில் தூசி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கேபினெட்டுக்குள் போனால் ஃபேன் மேல் கம்பளி நெய்துவிடும். காற்று போகாவிட்டால் சூடு ஏறும். ப்ராஸஸர் ஒரு அளவுக்கு மேல், பல மாடல்களில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். மதியம் மட்டும் மந்தமாகி, ராத்திரி சுறுசுறுப்பாகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், காய்ச்சல்தான்.

மருந்து: பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷும் ப்ளோயரும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்றில் அது தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுவிடும். உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று எது இருந்தாலும் அலறாதீர்கள். அவர்கள் உங்களுக்கு முன்பே குடி வந்தவர்கள்.

அடுத்தது கரன்ட். கேபினெட் இரும்பைத் தொட்டால் விரலில் 'சுர்' என்கிறதா? பலர் இதைக் கம்ப்யூட்டரின் குணம் என்றே நினைத்துப் பழகிவிட்டார்கள். இல்லை ஸார், ப்ளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். இது கம்ப்யூட்டரைவிட உங்கள் ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட விஷயம்.

யு.பி.எஸ். இருக்கிறதே என்கிறீர்களா? எழுதுவதையெல்லாம் சேவ் செய்துவிட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். பொத்தென்று அணைந்தால் உங்களிடம் இருப்பது யு.பி.எஸ். அல்ல, விலை உயர்ந்த ஸ்டூல். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓயும். லேப்டாப்காரர்களுக்கு விண்டோஸே 'பேட்டரி ரிப்போர்ட்' தருகிறது. புதிதில் இருந்த கொள்ளளவு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று அதில் இருக்கும். இரண்டையும் வகுத்துப் பாருங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் ரிடையர்மென்ட் நெருங்கிவிட்டது.

இன்னொரு கூத்து. ஒருநாள் கம்ப்யூட்டரைப் போட்டால் தேதி பத்து வருடம் பின்னால் போயிருக்கும். பாங்க் பக்கத்தைத் திறந்தால் 'பாதுகாப்பில்லை' என்று மிரட்டும். இந்த வியாதிக்கு ஒரு நண்பரிடம் ஏதோ ஒரு கடையில், "மதர்போர்டு அவுட்" என்று ஆயிரக்கணக்கில் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போர்டில் காசு மாதிரி வட்டமாக 2032 என்று எண் போட்ட பேட்டரி ஒன்று இருக்கிறது. கடிகாரத்துக்குச் சோறு போடுவது அதுதான். டீ, வடை காசில் மாற்றியாகிவிட்டது. தேதி தப்பினால் பாங்க் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கேஸ் ஷீட்

டாக்டர் முதலில் கேட்பது, "எத்தனை நாளா இப்படி?" ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்யுங்கள். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று வரும். என்றைக்கு என்ன ப்ரோக்ராம் விழுந்தது, என்றைக்கு விண்டோஸே விழுந்தது, எல்லாம் நாள் வாரியாக இருக்கும். பத்துக்கு மார்க்கும் போட்டிருக்கும். ஏதாவது ஒரு தேதியிலிருந்து தினமும் சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறதென்றால், அதற்கு முந்தின நாள் என்ன இன்ஸ்டால் செய்தீர்கள் என்று யோசியுங்கள். அடிக்கடி நீலத் திரை வந்தால் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓட்டிப் பாருங்கள். ராமில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் சொல்லிவிடும்.

போலி டாக்டர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "உங்கள் கம்ப்யூட்டரில் 47 வைரஸ்!" என்று திரையில் குதிக்கும் விளம்பரம், "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் மெஷினில் பிரச்னை" என்று வரும் போன், இரண்டுமே தூண்டில். சொல்கிற ஆப்பை இன்ஸ்டால் செய்தால் மெஷின் அவன் கைக்குப் போய்விடும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது.

வயசு சமாசாரமும் உண்டு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. உங்கள் மெஷின் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று சொல்ல 'பி.சி. ஹெல்த் செக்' என்று அவர்களே ஒரு இலவச ப்ரோக்ராம் தருகிறார்கள். 'தாங்காது' என்று வந்தால் மெஷின் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. லினக்ஸ் போட்டு ஓட்டலாம்.

இதயம்

இதுவரை சொன்னதெல்லாம் தப்பினால் செலவு, அவ்வளவுதான். இனி சொல்லப்போவது தப்பினால் செலவு செய்தாலும் திரும்பாது. ஹார்டு டிஸ்க்.

போன வருடம் ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். பையில் ஒரு லேப்டாப். அவன் அக்கா ப்ளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கப்பட்டதே, அந்த இலவச லேப்டாப் திட்டம். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது இதைப் பரண் மேல் அரிசிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்துக் காப்பாற்றினார்களாம். அத்தனை வருடம் உழைத்த மெஷின்.

"ண்ணா, ஆன் ஆவறதுக்கே இருவது நிமிஷம் ஆவுது. ஃபார்மட் போட்டுக் குடுத்துடுங்கண்ணா. அக்கா பொண்ணு படிக்கிறதுக்கு வேணுமாம்."

"உள்ளே என்னப்பா இருக்கு?"

"ஒண்ணியும் இல்லண்ணா. பாட்டு, படம்... அவ்ளோதான்."

காதை வைத்துக் கேட்டேன். உள்ளே டக்... டக்... என்று ஒரு சத்தம். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்று ஒரு இலவச ப்ரோக்ராம் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளைப் படித்துச் சொல்லும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் ஜாக்கிரதை, சிவப்பு என்றால் ஆபத்து. இங்கே மஞ்சள். படிக்க முடியாமல் போன இடங்களின் எண்ணிக்கை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுடு தம்பி" என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டான். அவன் அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார்:

"அப்பா படம் அதுலதானடா கீது?"

பையன் முகம் மாறிவிட்டது. அப்பா இறந்து ஆறு வருடம். அக்கா கல்யாணத்தின்போது எடுத்த போட்டோக்கள், திண்ணையில் உட்கார்ந்து வலையைச் சரி செய்துகொண்டே, "என்னை ஏண்டா படம் புடிக்கிற, போய் வேலையைப் பாரு" என்று அவர் திட்டுகிற நாலு நிமிட வீடியோ, எல்லாம் அதில்தான். எடுத்த போன் எப்போதோ ஏரியில் விழுந்துவிட்டது. வேறு பிரதி கிடையாது.

இந்த இடத்தில் ஒன்று கவனியுங்கள். டிஸ்க் இழுத்துக்கொண்டிருக்கும்போது 'ரிப்பேர்' ப்ரோக்ராம் ஓட்டக்கூடாது. மூச்சு வாங்குகிறவரை ஓட்டப் பந்தயத்தில் விடுகிற கதையாகிவிடும். முதலில் காப்பி, அதிலும் முக்கியமானது முதலில். அதனால் வீடியோவை முதலில் எடுத்தோம். அந்த ஒரு ஃபைலுக்கே முக்கால் மணி நேரம். பிறகு கல்யாண ஃபோல்டர். பையன் நைட் ஷிஃப்ட்டுக்கு லீவ் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். விடியற்காலை மூன்று மணிக்கு முடிந்தது. முப்பது போட்டோக்களுக்கு மேல் படிக்கவே முடியவில்லை. மற்றது வந்துவிட்டது.

பதினோராவது நாள் அந்த டிஸ்க் நின்றது. ஃபார்மட் போட்டிருந்தால்? அதை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸும் போட்டுக் கொடுத்தேன். இப்போது அக்கா பெண் அதில் படிக்கிறாள். ஃபீஸ் இரண்டு கிலோ எறா வந்தது.

நார்மல் ரிப்போர்ட்டை நம்பலாமா?

மஞ்சள் வந்தால் உஷாராகலாம். நீலமே இருந்தால்?

2007-ல் கூகுளைச் சேர்ந்த மூன்று பேர் தங்கள் கம்பெனியில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். டிஸ்க் தன்னைத் தானே ஸ்கேன் செய்யும்போது முதல் கோளாறு தெரிந்துவிட்டால், அடுத்த 60 நாளில் அது சாகும் வாய்ப்பு, கோளாறு தெரியாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். ஆகவே எச்சரிக்கை வந்தால் அது பொய் மிரட்டல் அல்ல. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்திருந்தன.

காலையில் ஈ.சி.ஜி. நார்மல், சாயங்காலம் ஆள் இல்லை என்று கேள்விப்படுகிறோமே, அதே கதைதான். பரிசோதனையால் நோயைக் கண்டுபிடிக்க முடியும். நோயே இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியாது. எஸ்.எஸ்.டி.யும் விதிவிலக்கில்லை, சத்தம்கூடப் போடாமல் போய்விடும்.

இப்போது பி.காம். பேசுகிறேன். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு 2017 ஏப்ரலிலிருந்து தேய்மானம் வருடத்துக்கு 40 சதவீதம். 50,000 ரூபாய்க்கு வாங்கியது முதல் வருட முடிவில் 30,000. பிறகு 18,000, 10,800, 6,480. ஐந்தாம் வருட முடிவில் 3,888 ரூபாய். பெட்டியின் மதிப்பு அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இருக்கிறதே, பிள்ளையின் முதல் நடை, ஃபாரம் பதினாறு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், வலை சரி செய்யும் அப்பா... அதற்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் காலம் கிடையாது. தேய்கிற பொருளுக்கு இன்ஷூரன்ஸ் தேடுகிறோம், தேயாததை அனாதையாக விட்டுவிடுகிறோம்.

மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு கணக்கை வல்லுநர்கள் சொல்கிறார்கள். முக்கியமான எதற்கும் மூன்று பிரதி. இரண்டு வெவ்வேறு சாதனங்களில். ஒன்று வீட்டுக்கு வெளியே. கடைசி விதிதான் எங்கள் மாதிரி கடலோர ஆட்களுக்கு முக்கியம். கம்ப்யூட்டரையும் பேக்கப் டிஸ்க்கையும் ஒரே பீரோவில் வைத்தால் வெள்ளம் இரண்டையும் சேர்த்துத்தான் நனைக்கும். ஒன்றை ஊரில் இருக்கும் தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள். அல்லது கிளவுடில் ஏற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தக் காப்பியிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்தும் பாருங்கள். திறக்காத காப்பி, காப்பியே இல்லை.

பழவேற்காட்டில் 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், தங்கள் ஆட்களின் பெயர்களைக் கல்லறைக் கல்லில் செதுக்கி வைத்தார்கள். கோட்டை போய்விட்டது, முன்னூற்றைம்பது வருட உப்புக் காற்றைத் தாங்கிக்கொண்டு அந்தக் கற்களில் பல இன்றைக்கும் படிக்க முடிகிறபடி நிற்கின்றன. நம்மிடம் இருப்பது கல் இல்லை. பத்து வருடம் தாண்டினாலே அதிர்ஷ்டம் என்கிற தட்டு. அதனால் நாம்தான் மறுபடி மறுபடி எழுதி வைக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இடைவேளையில் செக்கப்பை முடித்துவிடுங்கள். எல்லாம் நார்மல் என்று வந்தால் சந்தோஷம். காப்பி எடுத்துவிட்டு சந்தோஷப்படுங்கள்!